வயலுக்கு ஒரு கணக்கு

(வானொலி விவசாய ஒலிபரப்பில் ஓர் இளைஞர் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் கங்கைகொண்டான் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். வியாபார நிர்வாகம் படித்துவிட்டு, கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரை மதுரை ரோட்டில் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு பக்கம் சிற்றாறு, ஒரு பக்கம் ரயில் பாதை, நடுவில் தொழிற்பேட்டை. 2013-ல் அரசு அறிவித்த புள்ளிமான் சரணாலயமும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து பைக்கில் வரும்போது, முள்காட்டு ஓரத்தில் மான் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவது என் வழக்கம். அப்புறம் நாற்கரச் சாலை ஓரத்துக் கடையில் ஒரு டீ, ஞாயிற்றுக்கிழமையில் கிரிக்கெட், ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து ரேடியோ. இவ்வளவுதான் என் பொழுதுபோக்கு.

கம்ப்யூட்டரைப் பற்றி விவசாயிகளுக்குப் பேசுங்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தயக்கமாக இருந்தது. நெல்லைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்ல முடியும்? ஆனால் 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல்லை, ரேடியோவில் கேட்டே விவசாயிகள் பயிரிட்டார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். காதால் கேட்டுப் புது நெல்லையே பழகியவர்களுக்கு, கம்ப்யூட்டரில் நாலு உபயோகமான காரியத்தைப் பழகுவது பெரிய விஷயம் இல்லை என்று தோன்றியது. அதனால் வந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் என்றால் மேஜைமேல் இருக்கிற பெட்டி மட்டும் இல்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கிற ஸ்மார்ட்போனும் ஒரு கம்ப்யூட்டர்தான். இன்று நான் சொல்லப் போகிற எல்லாவற்றையும் போனிலேயே செய்யலாம். பழகாதவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டு வயல். ஒன்று குளத்துப் பாசனத்தில் ஒரு ஏக்கர். மற்றது கிணற்றடியில் ஒரு ஏக்கர். இரண்டிலும் பிசானத்தில் நெல்தான் போடுவோம். அப்பா கணக்கு எழுதாதவர் இல்லை. ஆனால் அவர் எழுதுவது தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். அதை ஒரு கம்பியில் குத்திச் சுவரில் மாட்டி வைப்பார். உரக்கடைச் சீட்டு, டிராக்டர்காரர் கணக்கு, களையெடுத்த கூலி எல்லாம் அந்தக் கம்பியில்தான் இருக்கும்.

ஒரு வருஷம் அறுவடை முடிந்ததும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எய்யா, ரெண்டு வயலும் சேந்து பதினாலாயிரத்துச் சொச்சந்தான் மிஞ்சுது. அஞ்சு மாசம் வெயிலு மழைன்னு பாக்காம பாடுபட்டு இதான் கண்ட பலன். குளத்து வயலு ரோட்டுப் பக்கம் இருக்கு. நல்ல விலைக்குக் கேக்காங்க. அதக் குடுத்துட்டு, கிணத்தடி வயல மட்டும் வச்சுக்கிடுவோம். அங்கன நமக்குச் சொந்தத் தண்ணி இருக்குல்லா?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தக் குளத்து வயல் தாத்தா காலத்துச் சொத்து. எனக்கும் மனசு கேட்கவில்லை. "ரெண்டு நாள் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, கம்பியில் இருந்த தாள்களை எல்லாம் உருவி எடுத்தேன். ஆபீசில் நான் தினமும் செய்கிற வேலையை, அன்று ராத்திரி எங்கள் வயலுக்குச் செய்தேன். ஒவ்வொரு தாளையும் காட்டி, "இது எந்த வயலுக்கு?" என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத் தனித்தனியாகப் பதிந்தேன்.

குளத்து வயலுக்கு உழவு 4,500 ரூபாய். விதையும் நாற்றங்காலும் 2,200. நடவு 5,500. உரம் 4,800. களை 3,500. பூச்சிமருந்து 1,800. அறுவடை எந்திரம் 3,000. சாக்கு, வண்டி, இதர செலவு 1,700. மொத்தம் 27,000 ரூபாய். கண்டது 75 கிலோ மூட்டையில் 28 மூட்டை. கிலோ 21 ரூபாய்க்குப் போட்டதில் வரவு 44,100. மிச்சம் 17,100 ரூபாய்.

கிணற்றடி வயலிலும் அதே 27,000 செலவு. அதோடு மோட்டார் காயில் இரண்டு தடவை கட்டினது 3,000. களை கூடுதலாக எடுத்தது 1,000. ஆக 31,000. கண்டது 18 மூட்டை. வரவு 28,350. அதாவது 2,650 ரூபாய் நஷ்டம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 14,450 மிச்சம். அப்பா கூட்டியதில் தப்பில்லை. ஆனால் நல்ல வயல் சம்பாதித்ததில் ஒரு பங்கைக் கிணற்றடி வயல் தின்றுவிட்டது. ஒரே கணக்காக எழுதினதால் அது வெளியே தெரியவில்லை. நாங்கள் விற்கப் பார்த்தது சோறு போடுகிற வயலை. வைத்துக்கொள்ளப் பார்த்தது கடன் வைக்கிற வயலை!

அப்பா அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்தன வருசமும் இப்படித்தான் போயிருக்குமோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய தாள்கள் எப்போதோ அடுப்புக்குப் போயிருந்தன.

ஒரு வருஷக் கணக்கை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதும் உண்மைதான். குளம் பெருகாத வருஷத்தில் கிணற்றடி வயல்தான் கை கொடுக்கும். அதனால் இரண்டையும் விற்கவில்லை. அடுத்த புரட்டாசிப் பட்டத்தில் கிணற்றடி வயலில் நெல்லை விட்டுவிட்டு வம்பன் ரக உளுந்து போட்டோம். எழுபது நாளையொட்டி அறுப்புக்கு வந்தது. செலவு 9,500 ரூபாய். மூன்று குவிண்டால் கிடைத்தது. கிலோ 70 ரூபாய் வீதம் 21,000. மிச்சம் 11,500 ரூபாய். பெரிய லாபம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நஷ்டப்பட்ட இடத்தில் லாபம் வந்தது. மோட்டாருக்கும் ஓய்வு கிடைத்தது.

இந்தக் கணக்கில் அப்பா அம்மாவின் உடல் உழைப்புக்குக் கூலி போடவில்லை. அதையும் போட்டால் மிச்சம் இன்னும் குறையும். நீங்கள் எழுதும்போது சொந்த உழைப்பு எத்தனை நாள் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். நம் உழைப்பின் மதிப்பு முதலில் நமக்குத் தெரியவேண்டும்.

சரி, இந்தக் கணக்கைப் போடுவது எப்படி?

கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஒரு தாள் வரும். அதை ஸ்ப்ரெட்ஷீட் என்பார்கள். அது உண்டான கதை சுவையானது. 1978 வாக்கில் அமெரிக்காவில் ஹார்வர்டு வியாபாரப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் படித்தார். வாத்தியார் கரும்பலகையில் பெரிய அட்டவணை போட்டுக் கணக்குச் செய்துகொண்டிருந்தார். ஓர் எண் தப்பானால் அதைத் தொடர்ந்து வருகிற எல்லா எண்ணையும் அழித்து எழுதவேண்டியிருந்தது. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறுகிற பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று பிரிக்ளின் யோசித்தார். பாப் பிராங்ஸ்டன் என்பவரோடு சேர்ந்து 1979-ல் 'விசிகால்க்' என்ற அந்தப் பலகையைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தார். இன்றைய எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். கூகுள் ஷீட்ஸ் போனில் இலவசமாகவே கிடைக்கிறது.

அதில் மேல் வரிசையில் ஆறு தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள். தேதி, வேலை, அளவு, செலவு, வரவு, குறிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. அடியில் இருக்கிற கூட்டல் குறியைத் தொட்டால் புதுத் தாள் வரும். வயலுக்கு ஒரு தாள் வைத்து, அந்த வயலின் பெயரையே அதற்கு இடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூடத் தனித்தாள் வைக்கலாம்.

இதில் நாலு விஷயத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பணம் எழுதுகிற கட்டத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். '4500 ரூபாய்' என்று எழுதினால் கம்ப்யூட்டர் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டலில் சேர்க்காது. 4500 என்று மட்டும் போடவேண்டும். 'கூலி 5 பேர்' என்பதையும் பணக் கட்டத்தில் எழுதாமல் அளவுக் கட்டத்தில் எழுதுங்கள். ஆபீசில் படித்தவர்களே செய்கிற தப்பு இது.

இரண்டாவது, கூட்டல். போனில் செலவுக் கட்டங்களை மேலிருந்து கீழாக விரலால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால், திரையின் அடியில் மொத்தம் தானாகத் தெரியும். கம்ப்யூட்டரிலும் அப்படியே. எக்ஸெல்லில் மேலே, படுத்துக்கிடக்கிற ஆங்கில 'எம்' எழுத்து மாதிரி ஒரு குறி இருக்கும். கடைசி எண்ணுக்குக் கீழே உள்ள கட்டத்தில் நின்று அதை அழுத்தினால் மொத்தம் அங்கேயே விழும். பிறகு மேலே ஓர் எண்ணைத் திருத்தினால் மொத்தமும் திருந்திக்கொள்ளும்.

மூன்றாவது, சேமிப்பது. நம் ஊரில் கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மேஜைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்கள், கன்ட்ரோல் என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே 'எஸ்' எழுத்தை அழுத்தவேண்டும். பத்து வரிக்கு ஒரு தடவை அழுத்துங்கள். தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால் பதற வேண்டாம். கன்ட்ரோலோடு 'இசட்' எழுத்தை அழுத்தினால் அழிந்தது திரும்பி வரும். இடி மின்னல் நேரத்தில் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

நான்காவது, தமிழில் எழுதுவது. ஆங்கிலம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு, தமிழுக்கென்றே 'தமிழ் 99' என்ற விசைப்பலகையை அரசு ஏற்றுக்கொண்டது. அதைப் பழகவும் நேரம் இல்லை என்றால், போன் விசைப்பலகையில் மைக் படம் இருக்கும். மொழியைத் தமிழாக வைத்து, அதைத் தொட்டுப் பேசினால் போதும். 'களை எடுத்தது' என்று நீங்கள் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும். எங்கள் அப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். சில நேரம் 'களை' என்றால் 'கலை' என்று எழுதி வைக்கும். அர்த்தம் புரிந்தால் சரி.

அடுத்தது பத்திரங்கள், சீட்டுகள் விஷயம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது. ஆற்றங்கரை ஊரில் இருக்கிற எங்கள் அத்தை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி. அதற்குள் பட்டா நகல், பாஸ்புக், பயிர்க் காப்பீட்டுச் சீட்டு எல்லாம். தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது எல்லாம் ஊறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தை ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் காயப்போட்டார்கள். பாதி கிழிந்துபோனது. நிவாரணத்துக்கு எழுதிக்கொடுக்கப் பாஸ்புக் நம்பர் வேண்டும் என்றபோது, நம்பரே வாசிக்க முடியவில்லை.

அதனால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பட்டா, கிரயப் பத்திரம், பாஸ்புக் முதல் பக்கம், காப்பீட்டுச் சீட்டு, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில், நேராக வைத்து, போனில் படம் எடுங்கள். எழுத்து வாசிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு அதை இரண்டு இடத்தில் வையுங்கள். உங்கள் போனில் ஒன்று. கூகுள் டிரைவ் மாதிரி இணையச் சேமிப்பில் ஒன்று. போன் தண்ணீரில் விழுந்தாலும் இணையத்தில் இருப்பது போகாது. ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்கு மத்திய அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. உரக்கடைச் சீட்டையும் வாங்கின அன்றே படம் எடுத்துவிடுங்கள். பற்று வரவில் சந்தேகம் வந்தால், சண்டை போடாமல் படத்தைக் காட்டிப் பேசலாம்.

பட்டா, சிட்டா விவரத்தைத் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், அப்புறம் பட்டா எண் அல்லது சர்வே எண்ணும் உட்பிரிவும் கொடுக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். பெயரில் எழுத்துப் பிழையோ, அளவில் தப்போ இருந்தால், அவசரம் வருவதற்கு முன்னாலேயே மனுக் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். 2018-ல் தமிழக அரசு கொண்டுவந்த 'உழவன்' செயலியில் மானியம், பயிர்க் காப்பீடு, சந்தை விலை, வானிலை, வாடகை எந்திரம் பற்றிய விவரங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. போனில் பேசியே கேட்க விரும்புகிறவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம்.

கடைசியாக, ரொம்ப முக்கியமான ஒன்று. திருட்டு.

எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் கிசான் உதவித் தொகை நின்றுவிட்டது, தொடர்ந்து பெற இந்த ஃபைலைத் தொடவும்' என்று இருந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிற பணம் அது. யாருக்குத்தான் பதற்றம் வராது? சித்தப்பா தொட்டுவிட்டார். அது அரசாங்கச் செயலி இல்லை. போனுக்குள் புகுந்து, வருகிற மெசேஜை எல்லாம் வேறொருவனுக்குக் காட்டிக் கொடுக்கிற திருட்டுச் செயலி. அரை மணி நேரத்தில் கணக்கிலிருந்து 9,000 ரூபாய் போய்விட்டது. உர மூட்டை வாங்க வைத்திருந்த பணம்.

சித்தப்பா வெட்கப்பட்டு ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் சித்திதான் என்னிடம் சொன்னார்கள். உடனே புகார் கொடுத்தோம். ஆனால் பணம் அதற்குள் கைமாறிப் போயிருந்தது. இதுவரை திரும்பவில்லை. அவரைக் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே சொல்கிறேன். "சொல்லு எய்யா, நாலு பேராவது தப்பிக்கட்டும்" என்றார்.

அதனால் இவற்றை மறவாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிற எந்தச் செயலியையும் ஏற்றாதீர்கள். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் ஏற்றாதீர்கள். அவர் போனையும் திருடன் பிடித்திருக்கலாம். செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் தேடி, யார் வெளியிட்டது என்று பார்த்து எடுங்கள்.

போனுக்கு வருகிற ஓ.டி.பி. என்ற ஒருமுறை எண்ணை, போன் பண்ணிக் கேட்கிற யாருக்கும் சொல்லாதீர்கள். பேங்க்காரர் கேட்கமாட்டார். அரசாங்க ஆபீசரும் கேட்கமாட்டார். நீங்களாகப் போய் ஒரு தளத்தைத் திறந்து, நீங்களே தட்டுவது வேறு. யாரோ கேட்டுச் சொல்வது வேறு.

ஜிபே, போன்பே மாதிரி யு.பி.ஐ.-யில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே வேண்டாம். பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண். 'வாழைத்தாருக்குப் பணம் அனுப்புகிறேன், பின் நம்பர் போடுங்கள்' என்று யாராவது சொன்னால், அவன் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

பாஸ்வேர்டாகப் பிறந்த தேதியையும் போன் நம்பரையும் வைக்காதீர்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த மூன்று நாலு வார்த்தைகளைச் சேர்த்து நீளமாக வையுங்கள். இ-சேவை மையத்திலோ வேறு கடையிலோ கம்ப்யூட்டரை உபயோகித்தால், வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' செய்து, உங்கள் பத்திரப் படங்களை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

இவ்வளவையும் மீறிப் பணம் போய்விட்டால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். நாடு முழுவதுக்கும் அதுதான் சைபர் குற்றப் புகார் எண். பணம் திருடன் கைக்குப் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே நிறுத்திவைக்க வழி உண்டு. பேங்க்குக்கும் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாற்றினவனுக்குத்தான் வெட்கம் வேண்டும், ஏமாந்தவருக்கு இல்லை.

விவசாயப் பெருமக்களே, கம்ப்யூட்டர் மழை பெய்விக்காது, விலையைக் கூட்டாது. ஆனால் எந்த வயல் தருகிறது, எந்த வயல் தின்கிறது என்று ஒளிவு மறைவு இல்லாமல் காட்டும். தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனிகூட ஆணி வாங்கின கணக்கை எழுதி வைக்கிறது. ஊருக்கே சோறு போடுகிற தொழிலுக்குக் கணக்கு இல்லாமல் இருக்கலாமா?

வருகிற பட்டத்தில் விதை வாங்குகிற அன்றைக்கே முதல் வரியை எழுதிவிடுங்கள். போன் இல்லாதவர்கள் நாற்பது பக்க நோட்டில், வயலுக்குப் பத்துப் பக்கம் என்று பிரித்து எழுதுங்கள். அதிலும் பாதிப் பலன் கிடைக்கும்.

எங்கள் குளத்து வயலில் இப்போதும் நெல்தான். ரோட்டுப் பக்கம் என்று இன்னமும் விலை கேட்டு ஆள் வருகிறார்கள். அப்பா போனை எடுத்துத் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல அண்ணாச்சி, அது கணக்குக்கு ஒத்துவராது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.